பால்வாடிக்குப் பொருள் வாங்கித் தருவது எப்படி: பீரோவுக்குள் போகாமல் பிள்ளைகள் கைக்குப் போக

ஜூன் மாதம் வந்துவிட்டால் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கத்துப் பால்வாடிகளுக்கு நோட்டும் பென்சில் பாக்ஸும் வந்து குவியும். தலைவர் பிறந்தநாள், வீட்டுக் குழந்தையின் பிறந்தநாள், தாத்தாவின் நினைவுநாள் என்று யாராவது எதையாவது கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். வடசென்னையில் கொடுக்கிற மனசுக்குக் குறைவே இல்லை. ஆனால் அதே மையத்துக்கு நவம்பரில் போய்ப் பாருங்கள். முழுசாக ஒரு கிரேயான் இருக்காது. பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் பழங்கள் படம் போட்ட சார்ட் தொங்கும். பீரோவுக்கு மேலே பிளாஸ்டிக் கவர் கூடப் பிரிக்காத பொம்மை ஒன்று உட்கார்ந்திருக்கும்.

மூன்று வயதுக் குழந்தை பார்த்துக் கற்றுக்கொள்வதைவிடத் தொட்டு, பிசைந்து, அடுக்கி, கலைத்துத்தான் அதிகம் கற்றுக்கொள்கிறது. அதனால் நீங்கள் கொடுக்கிற பொருளின் விலையைவிட, தினமும் அது குழந்தையின் கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதுதான் முக்கியம். கீழே எழுதியிருப்பது எல்லாமே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். நானும் எங்கள் தெரு நண்பர்கள் சிலரும் பக்கத்து மையங்களுக்குப் பொருள் வாங்கித் தருகிறோம், அதில் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

கடைக்குப் போவதற்கு முன்னால் டீச்சரிடம் போங்கள்

காலையில் போகாதீர்கள். பிள்ளைகள் வந்து சேர்கிற நேரம், ஆயாம்மா அடுப்பில் இருப்பார், டீச்சருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. மதியச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் பாயில் தூங்குகிற நேரத்தில் போனால் நிதானமாகப் பேசலாம்.

அவர்களுடைய வேலை எவ்வளவு என்று தெரிந்துகொண்டு பேசுவது நல்லது. 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் 33 இடங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் ஊட்டச்சத்து, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மருத்துவமனைக்குப் பரிந்துரைத்தல், தாய்மார்களுக்கான சுகாதாரக் கல்வி, முன்பருவக் கல்வி என்று ஆறு சேவைகள். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது அந்த ஆறில் ஒன்றுதான். எடை போட வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், கர்ப்பிணிகளைப் பார்க்க வேண்டும், சத்துமாவு கொடுக்க வேண்டும், இதற்கு நடுவில்தான் கதையும் பாட்டும். ஆகவே டீச்சர் அரை மணி நேரம் உட்கார்ந்து தயார் செய்தால்தான் பயன்படும் என்கிற மாதிரியான பொருளை வாங்காதீர்கள். திறந்தால் உடனே பிள்ளை எடுத்துக்கொள்கிற மாதிரி இருக்க வேண்டும்.

"என்ன வேணும் டீச்சர்?" என்று கேட்டால் "எதுவா இருந்தாலும் பரவாயில்லை சார்" என்றுதான் பதில் வரும், ஏனென்றால் கொடுக்க வருகிறவரிடம் பட்டியல் போட்டுக் கேட்க அவர்களுக்குக் கூச்சம். அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். எது சீக்கிரம் தீர்ந்துபோகிறது? எதற்குப் பிள்ளைகள் அடித்துக்கொள்கிறார்கள்? எது இருந்தும் எடுக்க முடியாமல் இருக்கிறது? இரண்டு வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர், நாலு வயதுக்கு மேல் எத்தனை பேர்? பிள்ளைகள் வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்வி நம்ம பக்கத்தில் ரொம்ப முக்கியம். கொருக்குப்பேட்டையில் தெலுங்கு பேசுகிற வீடுகள் உண்டு, மணலி, மாதவரம் பக்கம் வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கும் சேர்த்துத்தான் வாங்கப் போகிறீர்கள்.

அங்கன்வாடி (நாம் பால்வாடி என்று சொல்வது) என்றால் டீச்சருக்கு மேலே மேற்பார்வையாளர், அவருக்கு மேலே குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர் இருக்கிறார். கொடுக்கிற பொருளின் பட்டியலோடு ஒரு சின்னக் கடிதம் எழுதி டீச்சர் மூலமாகவே தெரியப்படுத்திவிடுங்கள். மாநகராட்சிப் பள்ளியில் உள்ள எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்பு என்றால் தலைமையாசிரியரைப் பார்க்க வேண்டும். அரசுப் பள்ளிகளுக்கு 2022 டிசம்பரில் அரசே தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்கிற நன்கொடை வழியும் இருக்கிறது.

பீரோவில் பூட்டி வைப்பது ஏன்?

டீச்சரைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. மையத்துக்கு வந்த பொருள் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறிவிட்டால், யாராவது வந்து கேட்கும்போது அதைக் காட்ட வேண்டும். உடைந்துபோச்சு, தொலைந்துபோச்சு என்றால் யார் பதில் சொல்வது? புதுசாக, பளபளவென்று ஒரு பொம்மை வந்தால் அதைப் பத்திரமாக வைப்பதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு. கொடுத்தவரும் ஆறு மாதம் கழித்து வந்து "நாங்க குடுத்தது எங்க?" என்று கேட்டால் இன்னும் மோசம்.

இதற்கு வழி ரொம்பச் சுலபம். கொடுக்கிற கடிதத்திலேயே இப்படி எழுதுங்கள்: "இந்தப் பொருட்கள் பிள்ளைகள் தினமும் எடுத்து விளையாடுவதற்காகத் தரப்படுகின்றன. களிமண், கிரேயான், தாள், பசை ஆகியவை பயன்படுத்தித் தீர்ந்துபோகக் கூடியவை. மற்ற பொருட்கள் விளையாட்டில் உடைந்தாலோ கிழிந்தாலோ அதற்கு யாரும் பொறுப்பில்லை." கையெழுத்துப் போட்டு ஒரு நகலை டீச்சரிடம் கொடுங்கள். வாயாலும் சொல்லுங்கள், "உடைஞ்சா நல்லதுதான் டீச்சர், விளையாடி இருக்காங்கன்னு அர்த்தம்." இந்த ஒரு தாளுக்கு நீங்கள் வாங்கித் தருகிற எந்தப் பொருளையும்விட அதிகப் பலன் இருக்கிறது.

எது என்ன கற்றுத் தருகிறது

முதலில் களிமண். பென்சில் பிடிக்க வேண்டிய விரல்களுக்குப் பலம் அங்கிருந்துதான் வருகிறது. உருட்டுவது, தட்டுவது, கிள்ளுவது, பாம்பு மாதிரி நீட்டுவது, இதெல்லாம் செய்யாத விரலில் பென்சிலைத் திணித்தால் குழந்தை முஷ்டியால் இறுக்கிப் பிடிக்கும், கை வலிக்கும், எழுதுவது என்றாலே வெறுத்துப்போகும். நம்ம ஊரில் களிமண்ணுக்குப் பஞ்சமில்லை, பிள்ளையார் சதுர்த்திக்குச் சிலை செய்கிற கொசப்பேட்டையில் கேட்டால் கிடைக்கும். கல், கண்ணாடித் துண்டு இல்லாமல் சலித்துப் பிசைந்து, ஈரத்துணி சுற்றி மூடிபோட்ட பக்கெட்டில் வைத்தால் பல நாள் வரும். மண் வேண்டாம் என்றால் மைதா 2 கப், தூள் உப்பு 1 கப், ஒரு ஸ்பூன் எண்ணெய், சப்பாத்தி மாவு பதத்துக்குத் தண்ணீர். நிறத்துக்குக் கொஞ்சம் மஞ்சள்தூளோ கேசரி பவுடரோ. உப்பு அதிகம் என்பதால் சில நாள் கெடாமல் இருக்கும், புளித்த வாடை வந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசாகப் பிசையலாம். இதைச் சாப்பிட்டுவிடாமல் இரண்டு வயதுக் குழந்தைகளைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவு உப்பு உடம்புக்கு ஆகாது.

அப்புறம் கிரேயான். எல்லோரும் ஸ்கெட்ச் பேனாதான் வாங்குகிறார்கள், நிறம் பளிச்சென்று இருக்கிறது என்பதால். இரண்டே நாளில் மூடி தொலையும், மூன்றாம் நாள் காய்ந்துவிடும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. ஸ்கெட்ச் பேனாவில் அழுத்தாமலேயே கோடு விழும், கிரேயானில் அழுத்தினால்தான் நிறம் வரும். அந்த அழுத்தம்தான் கைக்குப் பயிற்சி. தடிமனான மெழுகு கிரேயான் வாங்குங்கள், வாங்கியதை இரண்டாக உடைத்தே கொடுங்கள். ஆமாம், உடைத்துத்தான். நீளமாக இருந்தால் குழந்தை முழுக் கையால் பிடிக்கும், சின்னத் துண்டை விரல் நுனியால்தான் பிடிக்க முடியும், கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் தானாகச் சரியான இடத்துக்கு வந்து சேரும். உடைத்தால் எண்ணிக்கையும் இரண்டு மடங்காகிறது.

சுவரின் அடிப்பகுதியில் கரும்பலகை பல மையங்களில் ஏற்கனவே இருக்கும், ஆனால் வெளுத்துப் போயிருக்கும். ஒரு டின் பிளாக்போர்டு பெயின்ட் வாங்கி ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் போய்த் தரையிலிருந்து மூன்றரை அடி உயரம் வரை அடித்துக் கொடுத்தால், எந்தப் பொம்மையையும்விடப் பெரிய பரிசு அது. நின்றுகொண்டு சுவரில் வரையும்போது தோளும் மணிக்கட்டும் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒரே நேரத்தில் எட்டுப் பத்துப் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று வரையலாம், சண்டையும் குறைவு.

எழுத்து விஷயத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். பால்வாடியில் 'எழுத வைக்கவில்லை' என்று பெற்றோர்கள் குறைப்படுவது உண்டு, அதற்காகவே கடன் வாங்கிப் பணம் கட்டி நர்சரிக்கு அனுப்புகிறவர்களும் உண்டு. அதைப் பார்த்துத்தான் நன்கொடையாளர்களும் நாலு கோடு நோட்டை வாங்கிக் குவிக்கிறார்கள். மூன்று வயதுக்கு நாலு கோடு நோட்டு தேவையே இல்லை. அந்தக் காசில் கடையில் உப்புத்தாள் வாங்கி, 'அ', 'ட', 'ப', 'ம' என்று பெரிய எழுத்தாக வெட்டி, கெட்டி அட்டையில் ஒட்டிக் கொடுங்கள். குழந்தை விரலால் தடவிப் பார்க்கும்போதே எழுத்து எங்கே தொடங்கி எப்படித் திரும்புகிறது என்று கைக்குப் புரிந்துவிடும். இது இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் முறை. அவர் 1939-இல் நம்ம அடையாறுக்கே வந்து தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். விஜயதசமிக்குத் தட்டில் அரிசியோ நெல்லோ பரப்பிக் குழந்தையின் விரலைப் பிடித்து எழுத வைப்பதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். வருஷத்துக்கு ஒரு நாள் செய்வதைத் தினமும் செய்ய, அகலமான தட்டும் கழுவிக் காயவைத்த மணலும் போதும்.

சொப்பு சாமானைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். காசிமேட்டுப் பக்கத்து மையம் ஒன்றில் நாலு வயசுப் பாப்பா ஒருத்தி அலுமினியத் தட்டில் வேப்பிலையை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு, "வஞ்சிரம் காலிக்கா, சங்கரா கீது, நூறு ரூபாய்க்கு மூணு, எடுத்துக்கோ" என்று வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்தாள். எதிரில் இருந்த பையன் ரெண்டுதான் இருக்கிறது என்று சண்டைக்கு வந்தான். உடனே அவள் விரல் வைத்து ஒவ்வொரு இலையாக எண்ணிக் காட்டி, குறைந்த ஒன்றை எடுத்துப் போட்டாள். பெரிய இலை ஒரு பக்கம், சின்ன இலை ஒரு பக்கம். அந்தப் பத்து நிமிஷத்தில் எண்ணுவது, வகை பிரிப்பது, விலை பேசுவது, அடுத்தவன் சொல்வதைக் கேட்டுப் பதில் சொல்வது எல்லாமே நடந்துவிட்டது. யாரும் சொல்லித் தரவில்லை, தட்டும் இடமும் நேரமும் மட்டும் கிடைத்தது. இதற்குப் பெரிய செலவும் கிடையாது. சின்ன அலுமினியச் சட்டி, கரண்டி, முறம், கூடை, விளையாட்டுத் தராசு, பேட்டரி கழற்றிய பழைய பட்டன் போன், பாதி காலியான பில் புத்தகம், பழைய புடவைத் துண்டுகள் நாலைந்து. வீட்டில் தேடினாலே பாதி கிடைத்துவிடும்.

மரக்கட்டைகள் விலை கொஞ்சம் அதிகம்தான், ஆனால் வருஷக்கணக்கில் உழைக்கும். எந்தக் கட்டையைக் கீழே வைத்தால் விழாது, இரண்டு சின்னக் கட்டை சேர்ந்தால் ஒரு பெரிய கட்டை நீளம் என்பதெல்லாம் கணக்குக்கு அஸ்திவாரம். தெரிந்த தச்சர் இருந்தால் மிச்சத் துண்டுகளை வாங்கி, முனை மழுங்க நன்றாகத் தேய்த்து, பெயின்ட் அடிக்காமல் கொடுங்கள். சிம்பு இருக்கிறதா என்று உங்கள் கையால் தடவிப் பார்த்த பிறகு மட்டும்.

ஜிக்சா வாங்கினால் மூன்று வயதுக்கு 4 முதல் 6 துண்டு, நாலு ஐந்து வயதுக்கு 12 துண்டு வரை. செட்டுக்கு ஒரு நிறம் என்று வைத்து, அந்தச் செட்டின் ஒவ்வொரு துண்டின் பின்னாலும் அதே நிறத்தில் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள், துண்டுகள் கலந்தாலும் பிரித்துவிடலாம்.

எண்ணுவதற்கு அபாகஸ் சட்டம், எண் சார்ட் என்றெல்லாம் போக வேண்டாம். ஒன்று முதல் நூறு வரை ஒப்பிப்பது வேறு, உட்கார்ந்திருக்கிற ஐந்து பேருக்கு ஐந்து டம்ளர் எடுத்து வருவது வேறு. ஒன்றுக்குள் ஒன்று போகிற எவர்சில்வர் டப்பா செட், வேறு வேறு நிறத்தில் பிளாஸ்டிக் கிண்ணங்கள், இது போதும். சாப்பாட்டு நேரத்தில் தட்டுக்கு ஒரு முட்டை என்று பிள்ளைகளையே வைக்கச் சொன்னால் அதுவும் கணக்குப் பாடம்தான்.

கதைப் புத்தகம் தனி விஷயம்

பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி, மீதியெல்லாம் படம், இதுதான் அளவு. நம்ம சென்னையிலேயே இருக்கிற தூலிகா, அப்புறம் நேஷனல் புக் டிரஸ்ட், பிரதம் புக்ஸ் எல்லாம் தமிழில் இந்த வயதுக்குப் புத்தகம் போடுகிறார்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம், அச்சடித்துக் கொடுக்கவும் உரிமம் இருக்கிறது. கலரில் பிரின்ட் எடுத்து லேமினேட் செய்து ரிங் போட்டால் எச்சில் விரலுக்கும் தாங்கும்.

ஐம்பது புத்தகம் ஒரேயடியாகக் கொடுக்க வேண்டாம். பத்துப் பதினைந்து கொடுங்கள். இந்த வயதில் ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டால்தான் அடுத்து என்ன வரும் என்று குழந்தை முந்திக்கொண்டு சொல்லும், வார்த்தையும் வாயில் நிற்கும். சில புத்தகங்கள் வார்த்தையே இல்லாமல் படம் மட்டும் இருக்கிற மாதிரி பார்த்து வாங்குங்கள். வீட்டில் தெலுங்கோ இந்தியோ பேசுகிற பிள்ளை அதை வைத்துத் தன் மொழியில் கதை சொல்லத் தொடங்கும், தமிழ் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் வரும்.

புத்தகத்தை அலமாரியில் முதுகு தெரிய அடுக்கினால் படிக்கத் தெரியாத குழந்தைக்கு எதுவும் புரியாது. ஒரு நைலான் கயிற்றைச் சுவரில் பிள்ளைகள் உயரத்துக்குக் கட்டி, துணி கிளிப் மாட்டி, அட்டைப்படம் தெரிகிற மாதிரி தொங்கவிடுங்கள். கயிற்றைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள், தனியாகத் தொங்குகிற முனை இருக்கக் கூடாது, கழுத்தில் மாட்டிக்கொள்ளும்.

படித்துக் காட்ட ஆள் வேண்டுமே என்றால், தெருவில் மத்தியானம் சும்மா இருக்கிற பாட்டியோ காலேஜ் படிக்கிற அக்காவோ டீச்சரின் அனுமதியோடு வாரத்துக்கு ஒரு நாள் வந்தால் போதும். முழுக் கதையையும் மூச்சுவிடாமல் படிக்க வேண்டாம். பாதியில் நிறுத்தி, "இப்போ இந்தக் காக்கா என்ன பண்ணும் சொல்லு?" என்று கேட்டால் பிள்ளைகள் பேச ஆரம்பிப்பார்கள், அந்தப் பேச்சுக்காகத்தான் புத்தகமே.

கேரம் காயின் வைத்து ஒரு சோதனை

பால்வாடிக்கு இரண்டு வயது முடிந்த பிள்ளைகளும் வருகிறார்கள், எதைக் கண்டாலும் வாயில் போடுகிற வயசு. மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க ஒரு உருளை வைத்திருக்கிறார்கள், அதன் விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுசாக அடங்குகிற எதுவும் தொண்டையை அடைக்கலாம். கேரம் காயினின் விட்டமும் ஏறக்குறைய அதே அளவு, நம்ம பக்கத்தில் தெருவுக்கு ஒரு கேரம் போர்டு இருக்கிறது. கடைக்குப் போகும்போது ஒரு காயினையும் ஸ்ட்ரைக்கரையும் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். காயின் அளவோ அதைவிடச் சின்னதோ என்றால் வேண்டாம், ஸ்ட்ரைக்கர் அளவுக்கு இருந்தால் சரி. பந்து மட்டும் ஸ்ட்ரைக்கரைவிடவும் பெரிதாக இருக்க வேண்டும், ஏனென்றால் உருண்டையான பொருள் தொண்டையில் அப்படியே பொருந்தி மூச்சை முழுசாக அடைத்துவிடும். பாட்டில் மூடி, மணி, சோழி, புளியங்கொட்டை, மஞ்சாடி எல்லாம் இந்தச் சோதனையில் தோற்றுவிடும். பெரிய பிள்ளைகளுக்கு என்று கொடுத்தாலும் ஒரே அறையில் சின்னப் பிள்ளைகள் இருக்கும்போது வேண்டாம். புளியங்கொட்டை மூக்கிலும் காதிலும் போய் மாட்டிக்கொள்ளும்.

பட்டன் பேட்டரி இருக்கிற பாடும் பொம்மை, காந்தம் வைத்த பொம்மை, இரண்டும் கூடவே கூடாது. விழுங்கிவிட்டால் குடலையும் உணவுக்குழாயையும் புண்ணாக்கிவிடும். கடையில் வாங்குகிற பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். பெயின்ட் உரிந்துவருகிற பழைய பொம்மையை 'இன்னும் நல்லாத்தானே இருக்கு' என்று கொடுத்துவிடாதீர்கள், பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பஞ்சு பொம்மை தூசி பிடிக்கும், துவைக்கவும் ஆள் இல்லை, அதனால் அதையும் தவிர்த்துவிடலாம்.

எவ்வளவு வாங்குவது

வகை குறைவாக, எண்ணிக்கை போதுமானதாக. இருபத்தைந்து வகைப் பொம்மையில் ஒவ்வொன்று வாங்கினால் இருபத்தைந்து சண்டைதான் மிச்சம். 2018-இல் அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு செய்தார்கள். இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளுக்கு ஒரு முறை 4 பொம்மை, இன்னொரு முறை 16 பொம்மை. நாலு மட்டும் இருந்தபோதுதான் ஒவ்வொரு பொம்மையோடும் அதிக நேரம், பல விதமாக விளையாடினார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் பரப்பாமல், பாதியை மேலே வைத்துவிட்டு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாற்றி இறக்கச் சொல்லுங்கள்.

தாளுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 பிள்ளைகள், ஆளுக்குத் தினம் 2 தாள், மாதம் 20 நாள் என்றால் 1,000 தாள், அதாவது இரண்டு ரீம். புதுசாக வாங்க வேண்டியதே இல்லை, ஆபீசில் ஒரு பக்கம் பிரின்ட் ஆன தாளே போதும். பெயர், போன் நம்பர், ஆதார், வங்கி விவரம் இருக்கிற தாளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, பின்னூசிகளை எல்லாம் பிடுங்கிவிட்டுக் கொடுங்கள். கிரேயான், களிமண் எல்லாம் நாலு பிள்ளைக்கு ஒரு தட்டு என்று பிரித்துக் கொடுத்தால் பகிர்ந்துகொள்ளவும் பழகுவார்கள், அடிதடியும் வராது. கத்தரிக்கோல் முனை மழுங்கியதாக ஏழெட்டு இருந்தால் போதும். பசைக்கு மைதாவைக் காய்ச்சிக்கொள்ளலாம், நம்ம ஊரில் போஸ்டர் ஒட்டுகிற அதே பசை.

வாங்குகிற இடம் உங்களுக்கே தெரிந்திருக்கும். தாள், அட்டை, சார்ட் என்றால் பாரிமுனை ஆண்டர்சன் தெரு. பொம்மை, பிளாஸ்டிக் சாமான் என்றால் சவுகார்பேட்டை பக்கம் நாராயண முதலி தெரு. துண்டுத் துணிக்குக் கோடவுன் தெரு. மெட்ரோவில் போனால் உயர்நீதிமன்றம் அல்லது மண்ணடி ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். டஜன் கணக்கில் பேசுங்கள், பால்வாடிக்கு என்று சொன்னால் விலையைக் குறைத்துக் கொடுக்கிற கடைக்காரர்கள் உண்டு.

மழையும் உப்புக் காற்றும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. தரைத்தளத்தில் இருக்கிற மையத்துக்குப் புத்தகமும் தாளும் கொடுத்தால் கூடவே மூடி இறுக்கமாகப் பொருந்துகிற பிளாஸ்டிக் டப் ஒன்றும் கொடுங்கள், அக்டோபரில் எல்லாவற்றையும் அதில் போட்டுப் பரண்மேல் ஏற்றிவிடலாம். தரையில் விரிக்க ஃபோம் மேட் வேண்டாம், ஊறினால் காயாது, நாற்றம் பிடிக்கும். கோரைப்பாய் அல்லது துவைத்துக் காயவைக்கக் கூடிய ஜமுக்காளம் நல்லது. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் கடலோரத்தில் இரும்புக் கிளிப், சாதாரணக் கத்தரிக்கோல் எல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கும், துருப்பிடிக்காததாகப் பார்த்து வாங்குங்கள்.

தினமும் வைக்கிற இடம் பிள்ளைகளின் இடுப்பு உயரத்தில் திறந்த ரேக்காக இருக்கட்டும், சுவரோடு ஆணி அடித்துப் பிடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏறும்போது சாய்ந்துவிடும். ஒவ்வொரு டப்பாவிலும் உள்ளே இருக்கிற பொருளின் படத்தை ஒட்டுங்கள். கட்டை படம் இருக்கிற டப்பாவில் கட்டையைத் திரும்ப வைப்பதே படத்தை வாசிப்பதுதான், ஆயாம்மாவுக்கும் அடுக்குகிற வேலை பாதியாகக் குறையும்.

கொடுக்கிற நாளும் அதற்குப் பிறகும்

பேனர், மேடை, வரிசையில் நிற்கவைத்துப் போட்டோ, எதுவும் வேண்டாம். பிள்ளைகளின் முகம் தெரிகிற படத்தை நெட்டில் போடாதீர்கள், உதவி வாங்கினார்கள் என்கிற படம் அவர்கள் வளர்ந்த பிறகும் நெட்டில் கிடக்கும். பெட்டியை டீச்சரிடமும் ஆயாம்மாவிடமும் கொடுத்து, இருவருக்கும் முன்னாலேயே பிரித்து, கவரை எல்லாம் கிழித்துப் போட்டு, ரேக்கில் அடுக்கிவிட்டே வாருங்கள். கவர் பிரித்த பொருள் பீரோவுக்குள் போவது குறைவு. முடிந்தால் ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்து பிள்ளைகளோடு களிமண் உருட்டிவிட்டு வாருங்கள்.

இரண்டு மாதம் கழித்துத் திரும்பப் போங்கள், சோதிக்கிற மாதிரி இல்லாமல், என்ன தீர்ந்தது என்று கேட்க. எது தேய்ந்து, கிழிந்து, அழுக்காகிக் கிடக்கிறதோ அதுதான் அந்த மையத்துக்குத் தேவையான பொருள், அதையே மறுபடி வாங்கிக் கொடுங்கள். புதுசாக அப்படியே இருப்பதை டீச்சர் சம்மதித்தால் பக்கத்து மையத்துக்கு மாற்றிக் கொடுக்கலாம். மொத்தமாக ஜூனில் செலவழிக்காமல் பணத்தை மூன்றாகப் பிரித்து, ஜூனில் ஒரு பங்கு, மழை முடிந்து ஜனவரியில் ஒரு பங்கு, நடுவில் அக்டோபரில் கிரேயானுக்கும் தாளுக்கும் மட்டும் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் வருஷம் முழுக்க வரும். நாலு பேர் சேர்ந்து ஒரு மையத்தை எடுத்துக்கொண்டால் ஒருவர் ஊரில் இல்லாவிட்டாலும் இன்னொருவர் போய்க் கேட்டுவிட்டு வரலாம்.